எந்த வாயிலை அடைக்கிறது இந்த மாத்திரை? நாய் உண்ணிக்கான ஃபுளூராலனர், மூன்று தவணைக்குப் பின்

சுக்கு என்ற நாய் சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரத்தில், அவளுடைய காதுமடலின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் கொட்டைமுத்து போல ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கொட்டைமுத்து என்று ஆமணக்கு விதையைச் சொல்வது எங்கள் பாட்டியின் வழக்கம். ஆமணக்குக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் ‘ரிசினஸ்’ என்ற லத்தீன் பெயருக்கே உண்ணி என்றுதான் பொருள் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, பாட்டியும் லத்தீன்காரர்களும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அன்று இரவு மேலும் பதினொன்றைப் பிடுங்கினோம். அடுக்குமாடி வீடுகளில் கலப்பின நாய் வளர்க்க வழிசெய்யும் ‘அடோர்’ திட்டத்தின் கீழ் ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்த கலப்பின நாய் அவள், எடை 13.4 கிலோ.

நான் மதிப்பிடப்போவது ஃபுளூராலனர் என்ற மருந்தைக் கொண்ட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மெல்லும் மாத்திரை. அதன் வணிகப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைப் பார்த்து மருந்து வாங்கியதால் எனக்கு நேர்ந்த வீண் செலவே இந்தக் கட்டுரைக்குக் காரணம். மாத்திரைக்கு வருவதற்கு முன்பு, ஒரு செல்லப்பிராணிக் கடையில் கழுத்தின் பின்புறம் இடும் சொட்டு மருந்து ஒன்றை வாங்கினேன். அது போதிய பலன் தரவில்லை என்று எண்ணி, அடுத்த மாதம் வேறொரு கடையில் வேறொரு நிறப் பெட்டியை, சற்றே கூடுதல் விலைக்கு வாங்கினேன். இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிட்டிருந்த உட்பொருளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இரண்டிலும் இருந்தது ஃபிப்ரோனில் என்ற ஒரே வேதிப்பொருள் என்று தெரிந்தது. பூட்டை மாற்றாமல் சாவிக்கொத்தின் வளையத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இதே கதையை மன்னார்குடிக்கு அருகே மாடு வளர்க்கும் என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. டெல்டாமெத்ரின் கலந்த தண்ணீரைத் தெளித்தும் உண்ணி போகவில்லை என்பதால், கடைக்காரர் புதிது என்று சொல்லிக் கொடுத்த சைபர்மெத்ரினை அவரும் வாங்கியிருந்தார். இரண்டும் ஒரே பைரித்ராய்டு குடும்பம். இரண்டும் உண்ணியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. ஒன்றுக்கு அஞ்சாத உண்ணி மற்றொன்றுக்கும் பெரும்பாலும் அஞ்சாது.

ஆகவே இந்த மாத்திரையை மதிப்பிடுவதற்கு, உண்ணியின் நரம்பில் எந்தெந்த இடங்களை மருந்துகள் குறிவைக்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த அறிவின் பெரும்பகுதி நாயால் வந்ததன்று, மாட்டால் வந்தது. தேக்காவில் பஃபலோ ரோடும், எருமைப்பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் சிங்கப்பூரின் பழைய மாட்டுத் தொழிலுக்கு இன்று சாட்சியாக நிற்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு உண்ணி என்றால் நாய் உண்ணிதான். ஆனால் பிரேசில், ஆஸ்திரேலியா, மெக்சிகோ, இந்தியா போன்ற நாடுகளில் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் எனப்படும் மாட்டு உண்ணி, ரத்தத்தை உறிஞ்சுவதோடு பபீசியா, அனாபிளாஸ்மா ஆகிய நோய்க்கிருமிகளையும் பரப்பிப் பண்ணைகளை நொடித்துப்போகச் செய்யக்கூடியது. நம் வீட்டுச் சுவரில் ஏறும் பழுப்பு நாய் உண்ணி அதே ரிப்பிசெஃபாலஸ் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு. மாட்டு உண்ணியின் நரம்பைப் பற்றிக் கண்டறிந்தவை இதற்கும் பெருமளவு பொருந்துகின்றன.

உண்ணிக்குத் தலையில் தனியாக மூளை கிடையாது. அதன் நரம்பு மையம் முழுவதும் ஒரே திரளாகக் கூடி, தொண்டைக் குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருக்கிறது. நாயின் ரத்தம் உண்ணியின் வயிற்றுக்குப் போகும் வழியே அந்த மோதிரத்தின் நடுவில்தான் செல்கிறது. இந்த நரம்புத் திரளில், ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பச் சில வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றை வாங்கிக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். சில ஏற்பிகளே வாயில்களாகவும் இருக்கின்றன. உரிய வேதிப்பொருள் வந்து அமர்ந்ததும் வாயில் திறந்து, மின்னூட்டம் பெற்ற அணுக்களை உள்ளே விடுகிறது.

காபா என்ற வேதிப்பொருளுக்கான வாயில் திறந்தால் குளோரைடு உள்ளே நுழைந்து, துடித்துக்கொண்டிருக்கும் நரம்பை அமைதிப்படுத்தும். வண்டிக்கு பிரேக் போல இதைக் கருதலாம். ஃபிப்ரோனில் இந்த வாயிலின் நடுத்துளைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. பிரேக் இல்லாத நரம்பு ஓயாமல் துடித்து, உண்ணி முதலில் நடுங்கி, பிறகு முடங்கிச் சாகிறது. வலிமையான முறைதான், ஆனால் அதன் பலவீனம் ஃபிப்ரோனில் பிறப்பதற்கு முன்பே தயாராகிவிட்டது. டீல்டிரின் போன்ற பழைய பூச்சிக்கொல்லிகளும் ஏறத்தாழ அதே துளையில்தான் அமர்ந்தன. அவற்றுக்குத் தப்பிப் பிழைத்த பூச்சிகளில் அத்துளையின் சுவரில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. டீல்டிரினுக்கு அசையாத மாட்டு உண்ணிகளிலும் அதே பகுதியில் மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. 1993இல் சந்தைக்கு வந்த ஃபிப்ரோனில், ஏற்கெனவே ஓரளவு தேய்ந்த பூட்டைத்தான் பெற்றது என்று சொன்னால் மிகையில்லை.

சித்தப்பாவின் பைரித்ராய்டுகள் குறிவைப்பது ஏற்பியையன்று, நரம்பு இழை நெடுக அமைந்திருக்கும் சோடியம் தடத்தை. அது மூடவேண்டிய நேரத்தில் மூடாதபடி இவை பிடித்துவைக்கின்றன. மெக்சிகோவின் மாட்டு உண்ணிகளில், இத்தடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஐசோலூசின் என்ற வேறொன்று இருந்ததை 1999இல் அறிவித்தார்கள். அந்த ஓர் எழுத்துப் பிழை போதும், மருந்து பிடி தவறிவிடுகிறது. இக்குடும்பத்தைச் சேர்ந்த பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்துகளும் விற்பனையில் உண்டு என்பதால் ஓர் எச்சரிக்கை: பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, மருந்திட்ட நாயின் மேல் உரசிப் படுத்தாலே பூனைக்கு வலிப்பு வரலாம். 2024 செப்டம்பர் முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு, நாயும் பூனையும் ஒரே கூடத்தில் வாழும் வீடுகள் கூடியிருக்கலாம். கடையில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது குறி ஆக்டோபமின் ஏற்பி. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். ஆக்டோபஸின் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதலில் கண்டெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்ற ஆக்டோபமின், நம் உடம்பில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் செய்யும் வேலையைப் பூச்சிகளிலும் உண்ணிகளிலும் செய்கிறது. 1969இல் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட அமிட்ராஸ், ஆக்டோபமின் போலவே வேடமிட்டு அந்த ஏற்பியில் அமர்ந்துகொண்டு, எழுந்திருக்க மறுக்கிறது. கொல்வதற்குப் போதாத குறைந்த அளவிலும், கடித்துக்கொண்டிருக்கும் உண்ணி நிலைகொள்ளாமல் தானாகவே வாயை எடுத்துக்கொண்டு கழன்றுவிடும் என்பது இதன் தனிச்சிறப்பு. மாட்டுக்கு முக்குளிப்புத் தொட்டியிலும் தெளிப்பிலும், நாய்க்குக் கழுத்துப்பட்டையிலும் இது பயன்பட்டது. அமிட்ராஸுக்கு அடங்காத மாட்டு உண்ணிகளின் ஆக்டோபமின் ஏற்பியில் இரண்டு இடங்களில் அமினோ அமிலம் மாறியிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள்.

அந்தப் பட்டையை நான் சுக்குவுக்குப் பூட்டாததற்குக் காரணம் எதிர்ப்புத் திறன் அன்று. அமிட்ராஸ் பாலூட்டிகளின் ஆல்ஃபா-2 அட்ரினலின் ஏற்பியையும் தொடுகிறது. நாய் அந்தப் பட்டையைக் கடித்து விழுங்கிவிட்டால் சோர்ந்து படுத்துவிடும், இதயத் துடிப்பு குறையும், ரத்தச் சர்க்கரை ஏறும். செருப்பு, தொலைக்காட்சியின் ரிமோட், என் மகளின் தாய்மொழிப் பயிற்சித்தாள் ஆகியவற்றை ஏற்கெனவே சுவைத்துப் பார்த்த நாய்க்குக் கழுத்திலேயே விஷத்தைக் கட்டிவிட எனக்குத் துணிவில்லை.

இவ்வளவு சுற்றிய பிறகுதான் கால்நடை மருத்துவர் ஃபுளூராலனரைப் பரிந்துரைத்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. இது ஐசாக்சசோலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் நிஸ்ஸான் கெமிக்கல் நிறுவனத்தில் உருவாகி, 2014இல் நாய்களுக்கான மாத்திரையாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதுவும் காபா வாயிலைத்தான் அடைக்கிறது. அப்படியானால் ஃபிப்ரோனில் போலத்தானே என்று நானும் கேட்டேன். வாயில் ஒன்றுதான், ஆனால் உட்காரும் இடம் வேறு. ஃபிப்ரோனில் துளையின் உள்ளே அமர்கிறது. ஐசாக்சசோலின்கள் வாயிலின் புரதக் கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் பிடித்துக்கொள்கின்றன. எனவே துளையின் சுவர் மாறிப்போன, டீல்டிரினுக்கு அடங்காத வாயில்களையும் இவற்றால் அடைக்க முடிகிறது. மாட்டு உண்ணியின் மரபணுவிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய காபா வாயில்களிலும் ஃபுளூராலனரைச் சோதித்திருக்கிறார்கள். இதோடு குளூட்டமேட் என்ற மற்றொரு செய்தி வேதிப்பொருளுக்கான குளோரைடு வாயிலையும் இது அடைக்கிறது. இந்த இரண்டாவது வாயில் முதுகெலும்புள்ள விலங்குகளிடம் அறவே கிடையாது. காபா வாயில் நாய்க்கும் நமக்கும் உண்டு என்றாலும், பூச்சிகளின், உண்ணிகளின் வாயிலைப் பிடிக்கும் அளவுக்கு மருந்து அதைப் பிடிப்பதில்லை. அந்த வேறுபாட்டின் மேல்தான் இம்மாத்திரையின் பாதுகாப்பு நிற்கிறது.

இனி என் அனுபவம். 10 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரையுள்ள நாய்களுக்கான 500 மில்லிகிராம் மாத்திரை எங்களுக்குக் கிடைத்தது. கிலோவுக்குக் குறைந்தது 25 மில்லிகிராம் சேர வேண்டும் என்பது கணக்கு. சுக்குவுக்கு 37 மில்லிகிராம் சேர்ந்தது. மாத்திரையை உணவோடு கொடுக்கச் சொன்னார்கள், வெறும் வயிற்றில் மருந்து சரியாக உடம்பில் சேராது என்பதால். ஈரல் வாசனை வீசுகிறது என்று சொன்ன அந்தப் பெரிய பழுப்பு வில்லையை அவள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கோழிச் சோற்றுக் கோழியில் தோலை நீக்கி, மாத்திரையை உடைக்காமல் அதற்குள் பொதிந்து கொடுத்தேன். முதல் தவணையன்று இரவு ஒருமுறை இளக்கமாகப் போனாள். வாந்தி இல்லை. இரண்டாம், மூன்றாம் தவணைகளில் அதுவும் இல்லை.

முதல் தவணைக்கு மறுநாள் காலை காதிலும் விரல் இடுக்கிலும் நான்கு உண்ணிகள் ஒட்டியபடியே செத்து, உலர்ந்த மிளகு போலச் சுருங்கியிருந்தன. அந்தக் காட்சியைக் கண்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. பழுப்பு நாய் உண்ணி வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் நாயின் மேலேறிக் குடித்துவிட்டு, இறங்கிப்போய்ச் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் ஒளிந்து தோலுரித்து, மீண்டும் ஏறுவது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டு உண்ணியோ இளம் பருவம் முதல் ஒரே மாட்டின் மேலேயே இருந்துவிடும். ஆகவே மாடு வளர்ப்பவரைக் காட்டிலும் நாய் வளர்ப்பவருக்கு வீட்டைச் சுத்தம் செய்வது முக்கியம். முதல் ஆறு வாரங்கள் வரை சாளரக் கம்பியின் அடியிலும் சோபாவின் தையலிலும் உயிருள்ள உண்ணிகள் வந்துகொண்டே இருந்தன. தூசி உறிஞ்சியால் நாள்தோறும் உறிஞ்சி, பையை முடிச்சிட்டுக் குப்பைக் குழாயில் போட்டோம். மூன்றாம் மாதத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

இந்த ஆறு வாரத்தைப் பொறுக்காமல் ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவோர் நிறைய. மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கிறது. உண்ணி ஏறி, கடித்து, குடிக்கத் தொடங்கினால்தான் அதன் நரம்பைச் சென்றடையும். சுவரில் நடக்கும் உண்ணிக்கு மாத்திரையைப் பற்றி எதுவும் தெரியாது. கடிப்பதற்கும் சாவதற்கும் இடையில் சில மணி நேரம் இருப்பதால், நோய்க்கிருமி பரவும் வாய்ப்பை இது முற்றிலும் நீக்கிவிடாது என்பதை மருந்தின் குறிப்புத்தாளே ஒப்புக்கொள்கிறது. அதனால் மருத்துவர், உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிக்கான ரத்தப் பரிசோதனையையும் செய்தார், நல்லவேளையாக ஒன்றுமில்லை. கடிக்குமுன் விரட்டும் மருந்து வேண்டும் என்போருக்கு இது பொருந்தாது.

குறை என்று நான் முதலில் வைப்பது விலையை அன்று. ஒரு மாத்திரையின் விலை அதிர்ச்சி தந்தாலும், மூன்று மாதச் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை. நம் வெயிலுக்கு நாயை அடிக்கடி குளிப்பாட்ட வேண்டியிருக்கும் நிலையில், குளியலால் கரையாத மருந்து என்பது தனி ஆறுதல். என் தயக்கம் அதன் நீண்ட ஆயுளைப் பற்றியது. பட்டையைக் கழற்றலாம், சொட்டு மருந்தைக் கழுவலாம், விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. ஐசாக்சசோலின் மருந்துகள் சில நாய்களுக்குத் தசைநடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. உண்ணியிடம் இருக்கும் அதே வகை வாயில் நாயின் மூளையிலும் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை. பெரும்பாலான நாய்கள் இம்மருந்தைத் தாங்கிக்கொள்கின்றன என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. ஆனாலும் முன்பு எப்போதாவது வலிப்பு வந்த நாயாக இருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இணையத்தில் மாத்திரை வாங்கிப் போடுவது பெரும் தவறு. நான் சென்ற மருத்துவமனையில் இதை நானாகக் கேட்ட பிறகுதான் விளக்கினார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சித்தப்பா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, அந்த மாத்திரையில ரெண்டை வாங்கி அனுப்பேன், காளைக்கன்னுக்கும் பசுவுக்கும் குடுத்துப் பாக்குறேன்” என்றார். வேண்டாம் சித்தப்பா, நாய்க்கான அளவும் வடிவமும் வேறு, பசுவுக்குக் கொடுத்தால் பாலில் இறங்கிவிடும் என்று மறுத்தேன். மாட்டின் முதுகில் ஊற்றும் ஃபுளூராலனர் பிரேசிலில் வந்திருக்கிறது. ஆனால் அது மாட்டுக்கென்றே சோதித்து, எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு அனுப்பலாம் என்று வரையறுத்த மருந்து. அவருக்கு நான் சொன்னது, அடுத்த முறை மருந்து வாங்கும்போது பைரித்ராய்டு அல்லாத வேறு வாயிலைத் தொடும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். அவர் அமிட்ராஸுக்கு மாறியிருக்கிறார். கலக்கும் அளவைக் குறைத்துத் தெளிக்காதீர்கள், பாதி செத்துப் பாதி பிழைக்கும் உண்ணிகள்தான் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் என்று சொன்னபோது, “அது நம்ம ஊர் அரசியலுக்கும் பொருந்தும்” என்றார்.

ஐந்துக்கு நான்கு விண்மீன் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, குறிப்புத்தாளின் எழுத்தளவுக்கும், வலிப்பைப் பற்றிய எச்சரிக்கை அதில் ஒளிந்திருக்கும் இடத்துக்கும். நான்காம் தவணை அடுத்த வாரம் வருகிறது. கோழிச்சோற்றின் பழக்கத்தால் சுக்கு கொஞ்சம் பருத்துவிட்டாள். பெட்டியை வாங்குவதற்கு முன்பு அவளை மீண்டும் எடைபோட வேண்டும்.